கணுக்கால் கோடு

ஜூன் 10, திங்கள்

எரிச்சலில் எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் கோணட்டும்.

என் முனைவர் பட்ட ஆய்வுக் குழு இன்று காலை கூடியது. பார்மஸி கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஏழு வருடமாக இழுத்து வந்த ஆராய்ச்சி. இதுதான் கடைசிக் கூட்டம், இனி ஆய்வேட்டைக் கட்டிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று நம்பி, இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

என் செடி ஓடைப்பச்சை. தென்காசிப் பக்கம் ஓடைக்கரையெல்லாம் கிடக்கும். தாவரவியல் பெயர் ஆய்வேட்டில் இருக்கிறது, நாட்குறிப்புக்கு எதற்கு? அதன் இலைச்சாரம் எலியின் கால் வீக்கத்தை மூன்றாம் மணி நேரத்தில் அறுபத்தொரு சதவீதம் குறைக்கிறது. டைக்ளோஃபினாக் மாத்திரை குறைப்பது அறுபத்தெட்டு. ஏழே ஏழு படி கீழே. ஆய்விதழில் கட்டுரை வந்தாயிற்று. பத்திரிகையில் என் போட்டோவும் வந்தாயிற்று.

எல்லாம் கேட்டுவிட்டு, வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த டாக்டர் வஹிதா பானு கண்ணாடியைக் கழற்றினார்.

“அளவெல்லாம் யாரும்மா எடுத்தது?”

“நான்தான் மேடம்.”

“அளக்கும்போது எந்த எலி எந்த குரூப்னு உங்களுக்குத் தெரியுமா?”

“என் எலி எனக்குத் தெரியாமலா இருக்கும் மேடம்?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. “அப்ப வீக்கத்தை அளந்தது கருவியா, உங்க ஆசையா? குரூப் தெரியாம ஒரு தடவை அளந்து காட்டுங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்.”

ஆசையாம்! எலியின் கணுக்காலில் மார்க்கரால் ஒரு கோடு போடுவோம். பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் அந்தக் கோடு வரைக்கும் பாதத்தை முக்குவோம். கால் எவ்வளவு வீங்கியிருக்கிறதோ அவ்வளவு பாதரசம் ஏறும். துள்ளுகிற எலியைப் பிடித்து, சரியாகக் கோட்டில் நிறுத்துவதற்குக் கை வேண்டும். என் கை பதினாறு வருஷத்துக் கை. அதைப் போய் ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சந்தேகப்படுகிறார்.

என் வழிகாட்டி டாக்டர் ஞானதிரவியம் வெளியே வந்து சொன்னார்: “அந்தம்மா குணம் அப்படித்தான் உலகம்மாள். நான் பேசிச் சரிக்கட்டிக்கிடுதேன்.”

“வேண்டாம் சார். செஞ்சே காட்டுதேன். அவங்க மூக்கை உடைக்காம நான் பட்டம் வாங்க மாட்டேன்.”

ஜூன் 11, செவ்வாய்

இரண்டாம் நாளும் கோபம் ஆறவில்லை. ரசத்தில் உப்புப் போட மறந்து, அப்படியே குடித்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஞாயிறு என்றால் காலை பத்து மணிக்குத் தென்காசிக்குப் போன். ஆவுடை அக்காவுக்கு நான்கு வருடமாக முடக்குவாதம், கை விரல் எல்லாம். பிப்ரவரி முதல் ஓடைப்பச்சைக் கஷாயம் குடிக்கிறாள். ஆஸ்பத்திரி மாத்திரையை அவளாகத்தான் நிறுத்தினாள். வாரம் ஒரு நாள் போடுகிற அந்த மாத்திரை குமட்டுகிறது என்று எப்போதும் புலம்புவாள்.

என் முதல் சம்பளத்தில் அவளுக்கு ஒரு மோதிரம் வாங்கிக் கொடுத்தேன். அதுதான் எங்கள் வீக்கமானி. வேறு கேள்வியே கிடையாது.

“மோதிரம் கழருதாக்கா?”

“கழருதுட்டி. லேசா இழுத்தா வந்துருது.”

“பாத்தியா! என் செடியா கொக்கா?”

“நீ சாப்ட்டியா? குரல் ஒரு மாதிரி இருக்கு.”

வஹிதா பானு கதையைச் சொன்னேன். “அவ கெடக்கா, நீ செஞ்சு காட்டுட்டி” என்றாள். பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம். யாரென்று கேட்டேன். அத்தான் கழுவுகிறாராம். சாரல் காலம், குழாய்த் தண்ணீர் சில்லென்று இருக்கிறதாம், அதனால் அவராகக் கேட்டு வாங்கிக் கழுவுகிறாராம். அத்தான் மாதிரி மனுஷன் எங்கே கிடைப்பார்!

ஜூன் 24, திங்கள்

விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்ததில் இன்னும் இருபத்துநான்கு எலி மிச்சம் இருக்கிறது. போதும்.

எங்கள் எலி வீட்டின் ராணி அருள்மேரி. என் வயதுதான், பதவிதான் கீழே. வாய் எனக்குச் சமம். எலிக்கு வாய் வழியாக மருந்து ஊற்ற அவளைப் போல ஆள் நெல்லை ஜில்லாவில் இல்லை. அவளிடம் திட்டத்தைச் சொன்னேன். கூண்டில் தொங்குகிற குரூப் அட்டைகளை அவள் கழற்ற வேண்டும். எலிகளுக்கு ஒன்று முதல் இருபத்துநான்கு வரை வெறும் எண். எந்த எண்ணுக்கு எந்த மருந்து என்று அவள் மட்டும் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஊற்றுவாள். நான் வெளியே நிற்பேன்.

“இத நான் மொதல்லயே சொன்னேன்லா மேடம்? அப்ப என் மேல எரிஞ்சு விழுந்திய.”

அப்படி ஏதும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

இலை நிழலில் காய்ந்துவிட்டது. ஐந்நூறு கிராம் அரைத்து ஊற வைத்தேன். கேஸ் தீர்ந்து போய் மத்தியானம் அவலும் தயிரும். மோதிரம் கழருகிறது. வாட்ஸ்அப்பில் முகம் காட்டச் சொன்னேன், போன் காமிரா மங்கிவிட்டதாம்.

ஜூலை 8, திங்கள்

காலை எட்டு மணிக்கு அருள்மேரி கதவைச் சாத்தினாள். ஒன்பதுக்கு ஊசி. கேராஜீனன் என்று ஒரு கடல்பாசிப் பொடிக் கரைசல். போட்ட கொஞ்ச நேரத்தில் எலியின் பாதம் பூரி மாதிரி உப்பும். அப்புறம் மணிக்கு ஒரு தடவை அளவு. நான் முக்க, அருள்மேரி பாதரச மட்டத்தைப் படித்து எழுதினாள்.

கை என்னவோ இன்று என் கையாக இல்லை. நம்பர் அஞ்சைத் தூக்கினேன், அது எந்தக் கட்சி என்று தெரியாமல் கொஞ்சம் தயங்கினேன். நம்பர் ஆறைத் தூக்கியதும் அருள்மேரி பேனாவைக் கீழே வைத்தாள்.

“என்ன மேடம், காலை அளக்கச் சொன்னா மூஞ்சியத் திருப்பித் திருப்பிப் பாக்கிய?”

“சும்மாதான்.”

“வாயில பச்சை ஒட்டியிருக்கான்னு தேடுதியளா? எல்லாத்துக்கும் ஈரப் பஞ்சு வெச்சு நல்லாத் தொடச்சுட்டேன்.”

எனக்கு வந்ததே ஒரு கோபம். “யாரு ஒன்னத் தொடைக்கச் சொன்னது? இதெல்லாம் ஒன் வேலையா?”

“யாரும் சொல்லல. பன்னெண்டு எலி வாய் பச்சையா இருந்தா, அப்புறம் அட்டைய எதுக்குக் கழட்டுனோம்? கோட்டிக்காரத்தனமால்லா இருக்கு.”

எலியின் முகத்தைப் பார்ப்பது பழக்கம். சோர்ந்திருக்கிறதா என்று எல்லோரும்தான் பார்ப்பார்கள். மிச்சம் பதினெட்டையும் முகம் பார்க்காமல் அளந்தேன். இரண்டு மணிக்கு முடிந்தது. நாளைக்கு உறையைப் பிரிப்போம். நல்ல பேனா ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், வஹிதா பானுவுக்குக் கடிதம் எழுத.

ஜூலை 9, செவ்வாய்

உறையைப் பிரித்தோம். அருள்மேரி எண்ணைப் படிக்க, நான் கணினியில் ஏற்றினேன்.

டைக்ளோஃபினாக்: அறுபத்துநான்கு சதவீதம்.
ஓடைப்பச்சை, குறைந்த அளவு: ஆறு.
ஓடைப்பச்சை, கூடிய அளவு: பதின்மூன்று.

அறுபத்தொன்று எங்கே, பதின்மூன்று எங்கே? புள்ளியியல் கணக்கும் போட்டேன். வெறும் தண்ணீர் குடித்த எலிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை என்றது.

நான் விடுவேனா? இலை ஜூன் மாதத்து இலை, போன தடவை ஜனவரி இலை என்றேன். எலி வேறு ஈற்று என்றேன். பாதரசத்தில் அழுக்கு என்றேன். அருள்மேரி தவிட்டு மூட்டையை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: “அழுக்குப் பாதரசத்துல டைக்ளோவுக்கு மட்டும் எப்பிடி மேடம் சரியா வந்துச்சு?”

அவளை வெளியே போகச் சொன்னேன். அவளுடைய எலி வீட்டிலிருந்து அவளையே வெளியே போகச் சொன்னேன். போகவில்லை. தண்ணீர் பாட்டில்களைக் கழுவிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

ஜூலை 10, புதன்

எழுத ஒன்றும் இல்லை. சலவைக்குப் போட்டேன். மழை.

ஜூலை 12, வெள்ளி

ஞானதிரவியம் சார் அறைக்குப் போனேன். அவர் எண்களைப் பார்த்தார், ஃபைலை மூடினார், காபி சொல்லி அனுப்பினார்.

“இந்த ரெண்டாவது டிரையலை நாம பண்ணவே இல்ல. கேட்டியா? வஹிதாம்மாவுக்கு, மறைச்சு அளந்தாச்சு, ரிசல்ட் ஒத்துப்போச்சுன்னு ஒரு வரி. அவ்வளவுதான்.”

“அது பொய்லா சார்?”

“ஏம்மா, செடி வேலை செய்யாதுன்னு நான் சொல்லல. எலிக்குச் செய்யல. மனுஷனுக்குச் செய்யலாம். ஆகஸ்ட்ல தாளாளர் மூலிகைத் தோட்டம் திறக்காரு, ஒன் செடியத்தான் முதல்ல நடுதாரு. இந்த நேரத்துல போயி...”

நான் அவரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே என் போட்டோ பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. ஜனவரியில், முதல் பரிசோதனை நடக்கும்போதே பத்திரிகைக்காரர் எடுத்தது. நான் எலியின் காலைப் பாதரசத்தில் முக்கிக்கொண்டு பெருமையாகச் சிரிக்கிறேன். பக்கத்தில் கூண்டு. கூண்டில் கூடிய அளவு குரூப்பின் அட்டை: ‘ஓடைப்பச்சை 400’. மாதக்கணக்காக அந்தப் படத்தில் என் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

இன்று எலியின் காலைப் பார்த்தேன். கணுக்காலில் கறுப்புக் கோடு. அந்தக் கோடு பாதரசத்தில் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை. பாதரசத்துக்கு மேலே, வெளியே, பளிச்சென்று தெரிகிறது. கோட்டுக்கும் பாதரசத்துக்கும் நடுவே ஒரு நெல் அகலத்துக்குத் தோல்.

காலை முழுசாக முக்கவில்லை. முக்காத கால் சின்னக் கால். சின்னக் கால் என்றால் வீக்கம் வற்றிய கால்.

நாற்காலியில் ஏறிப் படத்தைக் கழற்றினேன். சார் பதறிப்போனார். காட்டினேன்.

“போட்டோவுக்குப் போஸ் குடுத்ததும்மா அது.”

“போஸ் இல்ல சார். அன்னைக்கு அந்த எலிக்கு எடுத்த அளவு நோட்ல இருக்கு. கட்டுரையிலயும் இருக்கு.”

“வேணும்னா செஞ்ச?”

“வேணும்னு செஞ்சிருந்தாத்தான் பரவாயில்லையே சார். எனக்கே தெரியாம என் கை செஞ்சிருக்கு.”

படத்தை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அடுப்படி மேடையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

“மோதிரம் கழருதாக்கா?”

“கழருதுட்டி.”

எலிக்கு வேலை செய்யாதது அக்காவுக்கு எப்படி வேலை செய்கிறது? செய்யலாம். சார் சொன்ன மாதிரி மனுஷ உடம்பு வேறு. பின்னால் அத்தான் குரல் கேட்டது: “நீ சீப்பக் கீழ வையி, நான் சீவி விடுதேன்.” எதற்கு என்று நான் கேட்கவில்லை. எண்ணெய்க் கையாக இருந்திருக்கும்.

பரிசோதனை முடிவு வந்துவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன்.

ஜூலை 17, புதன்

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆய்விதழுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். காரணம்: அளந்தவருக்குக் குரூப் தெரிந்திருந்தது, மறைத்து அளந்தபோது விளைவு கிடைக்கவில்லை. ஞானதிரவியம் சாருக்கும் நகல். அரை மணி நேரத்தில் அவரிடமிருந்து எட்டுத் தடவை போன். ஒன்பதாவதை எடுத்தேன்.

“ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா உலகம்மாள்? பட்டம் வேண்டாமா?”

“வேணும் சார். இத வெச்சே வாங்குதேன்.”

“வேலை செய்யலங்கிறதுக்கு எவன்மா பட்டம் குடுப்பான்?”

“அளந்து பாத்ததுக்குக் குடுக்கட்டும்.”

வைத்துவிட்டேன். இந்தக் கையை இனி யார் நம்பப் போகிறார்கள்.

ஜூலை 20, சனி

முன்பு ஒரு இடத்தில் பொய் எழுதியிருக்கிறேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஜூன் 16. ‘மாத்திரையை அவளாகத்தான் நிறுத்தினாள்.’

இல்லை. பிப்ரவரியில் முதல் முடிவு வந்த சூட்டில் கஷாயப் பொடியோடு தென்காசிக்குப் போனேன். அக்கா மாத்திரை டப்பாவை எடுத்தாள். அதை அவள் கையிலிருந்து வாங்கி, அலமாரி மேல்தட்டில் தூக்கி வைத்து, “இனி இந்தச் சனியன் ஒனக்கு எதுக்குக்கா?” என்றேன். அவளுக்கு எட்டாத தட்டு. நான் டாக்டர் ஆகப்போகிற தங்கச்சி, அவள் பீடி சுற்றியே என்னை பி.ஃபார்ம் வரைக்கும் ஏற்றிவிட்டவள். நான் சொன்னால் மறுபேச்சுப் பேசுவாளா?

நாளைக்கு முதல் பஸ்.

ஜூலை 21, ஞாயிறு

போன் செய்யாமல் போய் நின்றேன். அத்தான்தான் கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் அவர் முதலில் உள்ளே திரும்பிப் பார்த்தார். நான் அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். “வாட்டி, ஏன் இப்பிடித் திடுதிப்புனு?” என்று சிரித்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது. எழுந்து வந்து என் தலையைத் தடவுகிறவள், எழுந்திருக்கவில்லை.

“கையக் காட்டுக்கா.”

“காப்பி குடி மொதல்ல.”

“கையக் காட்டு.”

“வந்ததும் வராததுமா என்ன அதிகாரம்? ஒங்க காலேஜுன்னு நெனச்சியா?”

முந்தானையை நானே விலக்கினேன். விரல் கணுக்கள் எல்லாம் வீங்கி மினுமினுத்தன. மோதிர விரலும் சுண்டு விரலும் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. மோதிரம் இல்லை.

“எங்க மோதிரம்?”

அத்தான் போய் குங்கும டப்பா ஒன்றை எடுத்து வந்தார். திறந்தேன். பஞ்சு மேலே மோதிரம், இரண்டு துண்டாக.

“விரல் நீலம் பாரிச்சுப் போச்சும்மா” என்றார் அத்தான். “ஆசாரி வந்து வெட்டித்தான் எடுத்தாரு.”

“எப்ப?”

“மார்ச்ல.”

மார்ச்சில். அதற்கப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை? ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்கு நான் கேட்டிருக்கிறேன், இல்லாத மோதிரம் கழருகிறது என்று இவள் சொல்லியிருக்கிறாள், நானும் நோட்டில் டிக் அடித்திருக்கிறேன்.

“ஏன்க்கா பொய் சொன்ன?” கத்திவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். “இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா!”

அக்காவுக்கும் ரோஷம் வந்தது. எங்கள் வீட்டு ரத்தம்தானே. “எப்பிடிட்டி சொல்லச் சொல்லுத? ‘மோதிரம் எப்பிடி இருக்கு’ன்னா கேட்ட? ‘கழருதாக்கா’ன்னுல்லா கேட்ட! அவ்ளோ ஆசையாக் கேட்டா, நான் எந்த வாயால இல்லம்பேன்?”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எலிக்கு வாயில்லை, அதன் காலை என் கை சின்னதாக்கியது. அக்காவுக்கு வாய் இருந்தது, அவள் வாயும் எனக்காகவே அளந்திருக்கிறது.

“வலிக்கலயாக்கா?”

“வலிக்காம? நாலு மாசமா சோத்தப் பெசைய முடியல. ஒன் படிப்பு முடியட்டும், அப்புறம் சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். நடுவுல சொன்னா நீ ஒடஞ்சு போயிருவ.”

“செடி வேலை செய்யலக்கா. மறைச்சு அளந்து பாத்துட்டேன். ஒண்ணுமே செய்யல. பேப்பரைத் திருப்பி வாங்கிட்டேன்.”

அவள் அந்த வீங்கிய கையை என் தலையில் வைத்து, “அது செய்யாதுன்னு எனக்கு மார்ச்லயே தெரியும்ட்டி” என்றாள். “என்ன கசப்பு கசக்கும் தெரியுமா சவம்!”

நான் அழுதேன். அவள் சிரித்தாள், அப்புறம் அவளும் அழுதாள். அத்தான் யார் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் காபி போடப் போனார்.

அலமாரி மேல்தட்டில் கை விட்டேன். மாத்திரை டப்பா நான் வைத்த இடத்திலேயே, ஒரு விரல் தூசியோடு இருந்தது. தேதி முடிந்துபோன மாத்திரை. நாளைக்குக் கல்லூரிக்கு லீவு, அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

ஜூலை 22, திங்கள்

டாக்டர் என்னை நாலு கேள்வி கேட்டார், நாலும் சாட்டையடி. வாங்கிக்கொண்டேன். மாத்திரை மறுபடி ஆரம்பம். வீக்கம் இறங்கும் என்றார். சாய்ந்த இரண்டு விரல் நிமிராது என்றார். அதை அக்கா கேட்கிற மாதிரியே சொன்னார். “பீடி சுத்தப் போறதில்லையே, கெடக்கட்டும்” என்றாள் அக்கா. எனக்குத்தான் அதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 7, புதன்

அருள்மேரியிடம் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கு மேடம்? நெறய இருக்கே” என்றாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மூலிகைத் தோட்டத் திறப்பு விழா. தாளாளர், மாலை, மைக். ஓடைப்பச்சைக் கன்றுக்கு முன்னால் பளபளவென்று ஒரு பலகை: ‘மூட்டு வீக்கத்தைப் போக்கும் அற்புத மூலிகை. எம் கல்லூரியின் கண்டுபிடிப்பு.’ தாளாளர் வருவதற்கு முன்னால் நான் போய் அதைப் பிடுங்கினேன். ஈர மண், சுலபமாக வந்துவிட்டது.

“வையிம்மா அதை” என்று பல்லைக் கடித்தார் ஞானதிரவியம் சார்.

“செடி இருக்கட்டும் சார். செடி பொய் சொல்லல.”

“இந்தப் பலகைக்கும் சேத்து ஒனக்கு ஒரு வருஷம் தள்ளிப்போகும், பாத்துக்க.”

“ரெண்டு வருஷம் போகட்டும். இதைப் பாத்துட்டு ஒருத்தி மாத்திரையை நிறுத்துனா நீங்க போயி அவ விரலை நிமுத்துவியளா?”

பலகையோடு நேராக எலி வீட்டுக்கு நடந்தேன். அருள்மேரி அதைத் தவிட்டு மூட்டைக்கு மூடியாக வைத்துக்கொண்டாள். அளவு கச்சிதமாக இருக்கிறதாம்.

செப்டம்பர் 4, புதன்

ஆய்வுக் குழு மறுபடி கூடியது. இரண்டு பரிசோதனையையும் பக்கம் பக்கமாக வைத்தேன். நடுவில் அந்தப் போட்டோவைத் திரையில் போட்டு, கணுக்கால் கோட்டைச் சிவப்பால் வட்டமிட்டுக் காட்டினேன். பாதரசம் எங்கே நிற்கிறது, கோடு எங்கே நிற்கிறது என்று குச்சியை வைத்துக் காட்டினேன். என் சிரித்த முகத்தை வெட்டி எடுக்கவில்லை. இருக்கட்டும் என்று விட்டேன்.

வஹிதா பானு தன் முன்னால் இருந்த தாளில் என் தலைப்பை அடித்தார். “ஓடைப்பச்சைன்னு ஆரம்பிச்ச ஆராய்ச்சி, அளக்கிற கையைப் பத்தின ஆராய்ச்சியா ஆயிருச்சு. தலைப்பை மாத்துங்க. இன்னும் ரெண்டு செடியை மறைச்சு அளந்து காட்டுங்க. ஒரு வருஷம் ஆகும், பரவாயில்லையா?” என்றார்.

“ஆகட்டும் மேடம். ஆனா ஒண்ணு. அன்னைக்கு நீங்க என்னைய ஆசைன்னு சொன்னது எனக்கு இன்னும் கோவந்தான்.”

“இருக்கட்டும். கோவம் இருந்தா நல்லா அளப்பீங்க.”

அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். ஞானதிரவியம் சார் போடவில்லை. வேறு வழிகாட்டி பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

எட்டு வாரமாக ஞாயிறு பத்து மணிக்கு நான் போன் செய்வதில்லை, பஸ் ஏறிப் போகிறேன். போனால் எதுவும் கேட்பதில்லை. கேட்கிற என் வாயையும் நம்புவதில்லை, பதில் சொல்கிற அக்கா வாயையும் நம்புவதில்லை. அத்தான்தான் ஒரு தையல் நூலை எடுத்து, அக்காவின் நடுவிரல் கணுவைச் சுற்றி, சேர்கிற இடத்தில் வெட்டி, உறையில் போட்டுத் தேதி எழுதி வைப்பார். அந்த நேரம் நான் அடுப்படியில் இருப்பேன். அக்காவும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று சட்டம். “இந்த வயசுல ஒங்களோட கண்ணாமூச்சி ஆட வேண்டியிருக்கு” என்று திட்டிக்கொண்டே மூடுவாள்.

இன்று எட்டு நூலையும் அத்தான் கலைத்து, எண் மட்டும் ஒட்டி என் முன்னால் வைத்தார். ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன். எண்பத்தொன்று, எழுபத்தாறு, எண்பத்துமூன்று, எழுபத்தெட்டு... மில்லிமீட்டர்கள் அது பாட்டுக்கு வந்தன. எது எந்த வாரம் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. எட்டையும் எழுதி, அடியில் கோடு போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

அத்தான் தேதியைப் படித்தார். எண்பத்துமூன்று, முதல் வாரம். எழுபத்தாறு, இன்றைக்கு. நடுவில் ஒரு வாரம் ஏறியிருக்கிறது. அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

“என்னட்டி, கொறஞ்சிருக்கா?” என்று அக்கா கண்ணை மூடியபடியே கேட்டாள்.

“கண்ணத் தெறக்கா,” என்றேன், “ஏழு மில்லிமீட்டர்.”